மூன்றாவது பேஸில் நிற்பவள்

வெள்ளூத்து மகளிர் கல்லூரி மைதானத்தில் தங்கமாரி அடித்த பந்து மேலே போய் அங்கேயே நின்றுவிட்ட நாளில் ஊரில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ்களில் சாயங்காலச் சங்கு ஊதியது, டவுன் பஸ் வந்து திரும்பிப் போனது, கரிசல் காட்டின்மேல் வெயில் எப்போதும்போல் காய்ந்தது, பந்து மட்டும் கீழே வரவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கழுத்து வலித்து, ஒருவர் பின் ஒருவராகத் தலையை இறக்கி, அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

தங்கமாரி போகவில்லை. அவள் மூன்றாவது பேஸில் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் நிற்கச் சொல்லியிருந்தார்.

பேஸ்பால் என்ற ஆட்டம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்த காலத்தில் அதைக் கொண்டுவந்தவர் குலசேகரன் மாஸ்டர். பந்தை மட்டையால் அடித்தவள் ஓட வேண்டும். மைதானத்தில் மூன்று மூலைகளில் மூன்று கித்தான் பைகள், அவைதான் பேஸ். அவற்றை வரிசையாகத் தொட்டுச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கே தரையோடு பதித்திருக்கும் வெள்ளை ரப்பர் பலகையை மிதித்தால் ஒரு ரன். அந்தப் பலகைக்கு ஹோம் என்று பெயர். அடித்த பந்து தரையைத் தொடுமுன் எதிரணியில் யாராவது பிடித்துவிட்டால் அடித்தவள் அவுட். இவ்வளவுதான் ஆட்டம் என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிடுவார். மீதியெல்லாம் என் கையில் இருக்கிறது என்று இரண்டாம் நாள் சொல்வார்.

அதை அவர் பேச்சுக்குச் சொல்லவில்லை. மைதானத்தின் ஓரத்தில், மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாஸ்டர் வாயைத் திறக்காமல் கையால் மட்டுமே ஆட்டத்தை நடத்துவார். தொப்பியைத் தொட்டால் ஓடு. முழங்கையைத் தடவினால் காத்திரு. மூக்கைத் தொட்டால் அடிக்காதே, மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தைச் சும்மா தொட்டுவிடு. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னால் காட்டினால் நில். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குகிற வீடுகளிலிருந்து, மட்டை என்றால் பனைமட்டை என்று மட்டுமே தெரிந்த பெண்களைக் கூட்டிவந்து, விடியுமுன் ஓடவைத்து, எறியவைத்து, விழுந்து எழவைத்து, மாநிலத்துக்கு ஆடுகிறவர்களாக்கினார். அதில் பொய் இல்லை. தங்கமாரியின் கையை முதலில் கண்டுகொண்டவரும் அவர்தான். அவள் முதலாண்டு படிக்கும்போது, விடுதிச் சோற்றில் வாய் வைத்த நாயைத் தூரத்திலிருந்து ஒரு ஓட்டுச்சில்லால் விரட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, சாயங்காலம் கிரவுண்டுக்கு வா" என்றார். அவள் போனாள். அன்றுமுதல் அவள் கால் அவர் கையைப் பார்த்தே நகர்ந்தது.

மற்றவர்களுக்கும் அப்படித்தான். மாஸ்டரிடம் பழகியவர்கள் ஆட்டத்தை விட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கல்யாண மேடையில் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் கழுத்தைக் குனிப்பதற்கு முன் முன்வரிசையை ஒரு பார்வை பார்ப்பாள். மாஸ்டர் தொப்பியைத் தொடுவார். அதற்கப்புறம்தான் கழுத்து குனியும். மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள், பிறகு அவருக்காகவே முன்வரிசையில் ஒரு நாற்காலிக்குத் துண்டு போட்டு வைத்தார்கள்.

பந்து நின்ற நாளில் பல்கலைக்கழக இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் ரன் சமம். தங்கமாரி மட்டையோடு வந்து நின்றபோது மாஸ்டர் மூக்கைத் தொட்டார். அடிக்காதே. எப்படியாவது முதல் பேஸுக்குப் போய்ச் சேர், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கமாரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன்னை நோக்கி வருகிற பந்தைப் பார்த்தாள். அது கொய்யாப்பழம்போல அத்தனை பக்கத்தில், அத்தனை மெதுவாக, அத்தனை தனக்கென்றே வந்தது. முழுக்கையையும் வீசி அடித்தாள். அந்தச் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழுந்து அடங்கின. ஓடினாள். முதல் பேஸைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள், அவள் வாழ்க்கையில் முதல்முறையாக யாருடைய கையையும் பாராமல் ஓடினாள், மூன்றாவதையும் தாண்டியிருப்பாள். ஆனால் அங்கே அவளுக்கு நேரெதிரே வந்து நின்று, மாஸ்டர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார்.

கால் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அண்ணாந்து பார்த்தபோது பந்தும் நின்றிருந்தது.

எதிரணிப் பெண் ஒருத்தி பந்துக்கு நேர் கீழே கையுறையை ஏந்தியபடி இருட்டும்வரை நின்றாள். கடைசி பஸ் போய்விடும் என்று அவர்கள் கோச் வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போனார். நடுவர்கள் தலையைச் சொறிந்தார்கள். பந்து விழவில்லை, பிடிபடவுமில்லை, ஆகையால் ஆட்டம் முடியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவர்களும் போனார்கள். பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. மூன்றாவது பேஸில் ஓட்டக்காரி நிற்பதால் வெள்ளூத்துக் கல்லூரியே முன்னிலையில் இருப்பதாகக் கருதி, பந்து கீழே வரும்வரை கோப்பையை அங்கேயே வைத்திருக்கலாம், மற்ற ஆட்டக்காரர்களுக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று குழு முடிவு செய்தது. தங்கமாரிக்கு மட்டும் கொடுப்பதற்கில்லை. அவள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

"நீ அசைஞ்சா ஆட்டம் அசையும்" என்றார் மாஸ்டர். "ஆட்டம் அசைஞ்சா சர்ட்டிபிகேட் அசையும். அத்தனை பேரு வேலையும் உன் கால்ல இருக்கு, தங்கமாரி."

அவள் நின்றாள். ஹோமுக்கு ஓடுவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம் என்பது ஆட்டத்தின் விதி. அது அவளுக்கும் தெரியும். முப்பது தப்படிகூட இல்லாத தூரம். ஆனால் அந்தத் தூரத்தின் நடுவில் இரண்டு உள்ளங்கைகள் இருந்தன, அவர் கையை இறக்கிவிட்டுப் போய் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுத் தூங்கிய பிறகும் அவை அங்கேயே இருந்தன.

ஊர் அதை ஏற்றுக்கொள்வதற்கு அதிக நாள் ஆகவில்லை. முதலில் ஒரு குடை வந்தது, பிறகு நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தார்கள், பிறகு ஒரு வங்கி தன் பெயரைப் போட்டுத் தகரக் கொட்டகை அமைத்துக் கொடுத்தது. கட்டில் போட்டார்கள், ஒரு கை பையின்மேல் இருக்கும்படி அவள் படுத்துத் தூங்கப் பழகினாள். கடைசி செமஸ்டர் பரீட்சைக்கு மேசையும் நாற்காலியும் அங்கே வந்தன. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை வெயில் தாங்காமல் கொட்டகை நிழலில் தானும் ஒண்டிக்கொண்டு, "காப்பியடிக்கிறதுக்கும் இங்க ஆளில்லையே" என்று பரிதாபப்பட்டாள். டவுன் பஸ் கண்டக்டர் கல்லூரி நிறுத்தத்தைப் "பந்து ஸ்டாப் இறங்கு" என்று கூவத் தொடங்கினார். வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து வேன் வைத்துப் பிள்ளைகள் வந்தார்கள்; அண்ணாந்து பந்தைப் பார்த்தார்கள், மாஸ்டரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போகும்போது கொட்டகையில் யாரோ ஒரு அக்கா நிற்பதைக் கண்டு, "அந்த அக்கா யாரு சார்?" என்று கேட்டார்கள். கம்பி வேலியில் மஞ்சள் கயிறு கட்டினால் நழுவிப்போக வேண்டிய கரு நிற்கும் என்று பேச்சு கிளம்பி, வேலி முழுக்க மஞ்சளானது.

இதையெல்லாம் தங்கமாரி பொறுத்துக்கொண்டாள். விசிலைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவளும் மனுஷிதானே, ஆட்டத்தில் இருக்கிறவள் என்றாலும் குளிக்க வேண்டும், ஒதுங்க வேண்டும். மாஸ்டர் அதற்கு ஒரு வழி செய்தார். விசிலை ஊதி "டைம்" என்று அவர் சொன்னால் ஆட்டம் நிற்கும்; அவள் பேஸைவிட்டு இறங்கி, கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறைக்குப் போய் வரலாம்; மறுபடி விசில் ஊதுமுன் திரும்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவுட். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இருட்டியதும் ஒன்று. மாஸ்டர் வெளியூர் போகும்போது விசிலை வாட்ச்மேன் சங்கிலியிடம் கொடுத்துவிட்டுப் போவார். சங்கிலி நல்ல மனிதர், ஆனால் மறதிக்காரர்.

"சங்கிலியண்ணே! ஊதுங்கண்ணே!"

"தோ, தோ, டீ ஆத்திக்கிட்டிருந்தேன் தாயி. அவசரமா?"

"இல்ல, சும்மா பாட்டுக் கேக்கலாம்னு."

மாதத்தில் மூன்று நாள் அவள் காலையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஒரு பெண்ணின் உடம்பு எப்போது எதைக் கேட்கும் என்பதை ஐம்பது தாண்டிய ஆண் ஒருவருடைய சட்டைப்பையில் கிடக்கிற விசில் முடிவுசெய்கிறது என்பது அந்த ஊரில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. வானத்தில் பந்து நிற்பதும் படவில்லை, இதுவும் படவில்லை.

அம்மா பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள். வேலை முடிந்து தூக்குச்சட்டியோடு வருவாள், பேஸின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகள் சாப்பிடுவதைப் பார்ப்பாள், ஊர்க்கதை சொல்வாள். ஒருநாள் அவள் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். புது மார்க். நீல வானம், நடுவில் வெள்ளைப் பந்து, பந்துக்குக் கீழே தொப்பியோடு மாஸ்டரின் முகம். "நிலைத்த வெற்றி" என்று எழுதியிருந்தது.

தங்கமாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் எங்கம்மா?"

"அதத்தான் நானும் தேடுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தேடுனேன்." பேச்சியம்மாள் விரல்களை நீட்டிக் காட்டினாள், பசை காய்ந்து தோலோடு தோலாக உரிந்துகொண்டிருந்தது. "பூராப் பகலும் அந்தாளு மூஞ்சியத் தடவித் தடவி ஒட்டிட்டு வாரேன்டி. கட்டுனவன் மூஞ்சியக்கூட நான் இப்பிடித் தடவுனதில்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு தங்கமாரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தீப்பெட்டிப் பக்கத்தில் உரசியதுபோல் இருந்தது. அன்றைக்குப் பற்றவில்லை. நமுத்துப் போயிருந்தது.

பெண் பார்க்கவும் வந்தார்கள். மாப்பிள்ளை கோழிப்பண்ணை வைத்திருந்தார், குடும்பத்தோடு வந்து கொட்டகைக்கு முன்னால் பெஞ்சுபோட்டு உட்கார்ந்து, பஜ்ஜி சாப்பிட்டு, பெண் நல்ல வாட்டசாட்டமாக இருப்பதாகத் திருப்திப்பட்டு, "எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டார்கள். எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்த்தார்கள். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் முழங்கையைத் தடவினார். மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சை மடக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தையில் அந்த மாப்பிள்ளை வேறு எங்கோ கல்யாணம் செய்துகொண்டு, மனைவியோடு வந்து வேலியில் மஞ்சள் கயிறு கட்டினார்.

கூட ஆடிய ஜெபராணி ஒருமுறை போலீஸ் ஜீப்பில் வந்தாள். பழைய அணியில் ஹோமுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்த கேட்சர். வெற்றிச் சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்து, இப்போது எஸ்.ஐ. ஆகியிருந்தாள். சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"நீ நின்னதாலதான்டி எனக்கு இந்தத் தொப்பி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பக் கொஞ்ச நேரம் நீ நின்னு பாரேன். நான் தொப்பியப் போட்டுப் பாக்கிறேன்."

"ஏய், சும்மா இரு. மாஸ்டர் காதுல விழுந்துரப் போகுது."

"எஸ்.ஐ. ஆயிட்ட. இன்னும் பயமா?"

ஜெபராணி சேவை மென்று விழுங்கினாள். "போன வாரம் மதுரையில பந்தோபஸ்து. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் யாருகிட்டயோ பேசிக்கிட்டு ரெண்டு கையையும் இப்பிடி விரிச்சாரு. நான் ஜீப்ப நிறுத்திட்டேன் மாரி. பின்னாடி மந்திரி காரு வந்துக்கிட்டிருக்கு. நிறுத்திட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

மாஸ்டர் வளர்ந்துகொண்டே போனார். பந்தை வானத்தில் நிறுத்திய பயிற்சியாளர் என்று பத்திரிகைகள் எழுதின. மாநில அணி அவர் கைக்கு வந்தது. ஊர் ஊராகப் போய் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்ந்த பெண்களை முதல் நாளே மூன்றாவது பேஸுக்கு வரிசையாக அழைத்துவந்து, ஒரு மாடலைக் காட்டுவதுபோலத் தங்கமாரியைக் காட்டினார். "பாத்துக்கங்க. ஒரு சைகைதான் காமிச்சேன். இன்னைக்கு வரைக்கும் கால எடுக்கல. இதுதான் பிளேயர்." பெண்கள் கண் விரியப் பார்த்தார்கள். சிலர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தங்கமாரி அவர்களுடைய உச்சி வகிட்டைக் குனிந்து பார்த்தாள். எழுந்து ஓடிப்போங்கடி என்று சொல்ல வாய் வந்தது. மாஸ்டர் பக்கத்தில் நின்றார். வாய் மூடிக்கொண்டது.

அவர் ஓய்வுபெறும் வருஷம் வந்தது. கல்லூரி பாராட்டு விழா ஏற்பாடு செய்தது. மந்திரி வருகிறார், பழைய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள், மைதானத்துக்கு மாஸ்டரின் பெயர் வைக்கப்போகிறார்கள். பந்தல்காரர்கள் லாரியில் வந்து இறங்கி, பந்தும் கொட்டகையும் பின்னணியில் தெரியவேண்டும் என்று கோணம் பார்த்து மேடை போட ஆரம்பித்தார்கள். தங்கமாரி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். அவர்கள் மேடைக்குக் கால் நட்டது ஹோமைச் சுற்றி. வெள்ளை ரப்பர் பலகை மேடைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜல்லியும் சிமென்ட் மூட்டையும் இறங்கின.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மாஸ்டர் கொட்டகைப் பக்கம் வந்தார். புது வெள்ளைச் சட்டை. தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்திருந்தார்போல, கழுத்தில் நூல் தொங்கியது.

"மாஸ்டர், ஹோம் மேல மேடை போடுறாங்க."

"ஆமா."

"விழா முடிஞ்சதும் எடுத்துருவாங்கல்ல?"

"இல்லம்மா. அதை அப்படியே காங்கிரீட் போட்டு நிரந்தர மேடை ஆக்குறாங்க. என் பேர்ல."

"அப்ப நான் எங்க போறது?"

மாஸ்டருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீ எதுக்குப் போகணும்?" என்றார். "ஊர் உலகமெல்லாம் நீ நிக்கிறதப் பாக்கத்தான் வருது. போய்ட்டா நீ யாரு? ஓடி முடிச்சவங்க ஆயிரம் பேரு இருக்காங்க. நிக்கிறவ நீ ஒருத்திதான்."

வருஷக்கணக்காகத் தொண்டையில் கிடந்த கேள்வி, அவள் கூப்பிடாமலே வெளியே வந்தது. "அன்னைக்கு ஏன் மாஸ்டர் நிறுத்துனீங்க? பந்து மேல இருந்துச்சு. என்னைத் தடுக்க ஒருத்தரும் இல்ல. நான் போயிருப்பேன்ல?"

"போயிருப்ப."

"பெறகு ஏன்?"

அவர் கழுத்து நூலைப் பிய்த்துக் கீழே போட்டார். குரலில் கோபம் இல்லை. பாடம் சொல்கிற குரல்தான். "மூக்கைத் தொட்டேன், நீ அடிச்ச. சரி, போகட்டும்னு விட்டேன். ரெண்டாவது பேஸைத் தாண்டும்போது நீ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. அப்படியே விட்டிருந்தா உனக்கு என்ன தோணியிருக்கும்? நீயா அடிச்சே, நீயா ஓடினே, நீயா ஜெயிச்சேன்னு தோணியிருக்கும். அதுக்கப்புறம் எவ என் கையைப் பாப்பா?"

சொல்லிவிட்டு, "நாளைக்கு நல்ல புடவையா கட்டிக்கோ, டிவிக்காரங்க வருவாங்க" என்றார். போய்விட்டார்.

அந்த இரவு தங்கமாரி தூங்கினாள். அழுதிருப்பாள் என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. தூக்கத்தில் அவள் கை பையின்மேல் இருந்து நழுவித் தரையில் கிடந்தது. எழுந்தபோது அதைப் பார்த்தாள். ஒன்றும் நடந்துவிடவில்லை, பந்து அங்கேயேதான் இருந்தது.

விழா நாளில் காலை விசில் ஊதவில்லை. விசிலைப் பையில் போட்டிருந்த மாஸ்டர் மந்திரியை வரவேற்கப் போய்விட்டார், ஞாபகப்படுத்த வேண்டிய சங்கிலியும் கேட்டில் காருக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். மத்தியான விசிலும் ஊதவில்லை. மைதானம் நாற்காலிகளால் நிறைந்தது. பழைய ஆட்டக்காரர்கள் பட்டுப்புடவையிலும் காக்கியிலும் ரயில்வே நீலத்திலும் வந்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. தங்கமாரி வெயிலில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டு நின்றாள், அடிவயிறு கல்லாகியிருந்தது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை. புது அணிப் பெண் ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலோடு அந்த வழியே போனாள்.

"பாப்பா, மாஸ்டர்கிட்டப் போயி ஒரு டைம் ஊதச் சொல்லு. அவசரம்னு சொல்லு."

அந்தப் பெண் மேடையைப் பார்த்தாள். "மந்திரி பேசிக்கிட்டிருக்காருக்கா. விசில் மாஸ்டர் பையிலதான் இருக்கு. இப்ப எப்பிடிக்கா போயிக் கேக்கிறது?" பிறகு ஆறுதலாகச் சொன்னாள்: "கொஞ்சம் அடக்கிக்கங்கக்கா. நீங்களே இத்தன வருசம் நின்னுருக்கீங்க."

மேடையில் மாஸ்டருக்கு ஆளுயர மாலையைத் தூக்கினார்கள். மந்திரி சொன்னார்: "இந்த மாமனிதர் நிறுத்திய பந்து..." கைதட்டல் எழுந்தது.

அப்போது பற்றியது. நமுத்த குச்சிதான், ஆனால் எத்தனை வருஷ வெயிலில் காய்ந்திருக்கிறது. தங்கமாரி பையிலிருந்து காலை எடுத்தாள். எடுத்த காலை முன்னால் வைத்தாள்.

கைதட்டல் பாதியில் அறுந்தது. முதலில் கண்டவள் பேச்சியம்மாள், கடைசி வரிசையில் இருந்து எழுந்து, "ஏ கழுத, ஓடுடி!" என்று கத்தினாள். மாஸ்டர் திரும்பினார். மாலைக்குள்ளிருந்து கைகளை உருவி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னால் நீட்டினார்.

மைதானம் நின்றுவிட்டது. பழைய ஆட்டக்காரிகள் எழுந்தவர்கள் எழுந்தபடி, குனிந்தவர்கள் குனிந்தபடி நின்றார்கள். பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தவளின் சங்கு வாய்க்கருகில் நின்றது. ஜெபராணியின் கை லத்தியில் நின்றது. புது அணிப் பெண்கள் ஒரு காலைத் தூக்கியபடி கொக்குபோல் நின்றார்கள். அந்த உள்ளங்கைகளை நோக்கி, மாலையை நோக்கி, மந்திரியை நோக்கி, தங்கமாரி மட்டும் ஓடினாள். கால் முதலில் தடுமாறியது, முழங்கால் முனகியது, புடவை காலைச் சுற்றியது, அதை ஒரு கையால் அள்ளிச் சொருகிக்கொண்டு ஓடினாள். நடுவழியில் அந்த இரண்டு உள்ளங்கைகள் இத்தனை வருஷமாக நின்ற இடம் வந்தது, அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தாள், அங்கே ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான், வெறும் காற்றுக்கா நின்றோம் என்று நினைத்தபோது வந்த ஆத்திரத்தில் இன்னும் வேகமாக ஓடினாள்.

"நில்லு!" என்று மாஸ்டர் கத்தினார். அவர் குரலை உயர்த்தி அந்த மைதானத்தில் பலரும் கேட்டது அதுவே முதன்முறை. கீச்சென்று இருந்தது.

மேடையின் முன்னால் சிவப்புத் துணி தொங்கியது. தங்கமாரி வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தபடியே, கைகளை முன்னால் நீட்டித் தலையால் பாய்ந்து, வயிறு தரையில் தேய, துணியைக் கிழித்துக்கொண்டு மேடைக்கு அடியில் போய்ச் சேர்ந்தாள். இருட்டு. சவுக்குக் கம்பு வாசனை. தலைக்கு மேலே பலகைகள் அதிர, மந்திரியின் ஆட்களும் மாஸ்டரும் அங்குமிங்கும் மிதித்தார்கள். விரல்களால் மண்ணைத் துழாவினாள். ஜல்லி, ஆணி, யாரோ துப்பிய வெற்றிலை. பிறகு குளிர்ந்த, வழுவழுப்பான ரப்பர். இரண்டு கையாலும் அறைந்தாள்.

வெளியே பந்து கீழே வந்தது. ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்டு எல்லோரும் அண்ணாந்தார்கள். மாஸ்டர் உள்ளங்கைகளை இப்போது வானத்தை நோக்கித் திருப்பினார். பந்துக்கு அவருடைய சைகை தெரியாது. அன்றைக்கும் தெரிந்திருக்கவில்லை. அது எங்கே போவதற்காகப் புறப்பட்டதோ அங்கே, மைதானத்தின் கடைசியில், ஒருவரும் இல்லாத கரிசல் மண்ணில் பொத்தென்று விழுந்து, இரண்டு முறை குதித்து, நெருஞ்சிச் செடியில் முட்டி நின்றது. தையல் பிரிந்த சாதாரணப் பந்து.

தங்கமாரி மேடைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் மண், முழங்கையில் ரத்தம், புது வெள்ளைத் தோரணம் ஒன்று கழுத்தில் மாட்டியிருந்தது. தீர்ப்புச் சொல்ல நடுவர் யாரும் இல்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். மாஸ்டரைப் பார்க்கவில்லை. பிறகு, ஓடிவந்தவள் அவுட் இல்லை என்று நடுவர்கள் காட்டுவதுபோல், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகலமாக விரித்தாள்.

"சேஃப்" என்று தானே சொன்னாள்.

நின்றுபோயிருந்த வரிசைகளில் ஒருத்தி மூச்சு விட்டாள். ஜெபராணி லத்தியைக் கீழே போட்டாள். அவள் கைகள் மெல்ல எழுந்து அதேபோல் விரிந்தன. பக்கத்தில் இருந்தவள் கைகளும் விரிந்தன. பிள்ளைக்காரி சங்கை மடியில் வைத்துவிட்டு விரித்தாள்.

தங்கமாரிக்கு அதையெல்லாம் நின்று பார்க்க நேரமில்லை. சொருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, மந்திரியைத் தாண்டி, மாலை சரிந்து நின்ற மாஸ்டரைத் தாண்டி, கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறைக்கு நடந்தாள். மாஸ்டரின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குள் போய் விசிலை எடுத்து உதட்டில் வைத்தது. அவர் ஊதினாரா என்பது யாருக்கும் தெரியாது. அவள் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டாள்.